தொட்டி நிறைந்த சேதி

மும்பைத் தாராவியின் பல கல்லிகளில் பொழுது விடிவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிடும். நாளுக்குச் சில மணி நேரம்தான் வரும். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே மாநகராட்சி இணைப்பு இருக்கும் சந்துகளில், ரப்பர்க் குழாயை மாட்டி ஒரு வீட்டு நீல ட்ரம்மை நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ள வேண்டும். "எக்கா, ஒங்க ட்ரம்மு ரொம்பிட்டு பாருங்க, பைப்ப இங்கிட்டு தள்ளுங்க" என்ற குரல், தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாயிலும் அதே ராகத்தில்தான் வருகிறது.

பொறியியல் கண்ணோடு பார்த்தால் அந்தச் சந்தில் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. நிறைந்ததை ஒரு கண் பார்க்கிறது. சேதியை ஒரு குரல் கொண்டுபோகிறது. ஒரு கை குழாயை மாற்றுகிறது. தானாக நின்றுகொள்ளும் எந்தக் கருவியை எடுத்துக்கொண்டாலும் இந்த மூன்றும் அதற்குள் எங்கேயாவது ஒளிந்திருக்கும். கண்ணைச் செய்வதுதான் கடினம் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அதுதான் எளிது. தகராறெல்லாம் குரலிலும் கையிலும் இருக்கிறது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. மெஷின் இதற்கு நல்ல சாட்சி. அதற்குப் போவதற்கு முன் மிதவையிடம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மொட்டை மாடியில் இருக்கும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியைத் திறந்து பார்த்தால், பித்தளைக் கம்பி ஒன்றின் நுனியில் பந்து மிதப்பது தெரியும். நீர்மட்டம் உயர்ந்தால் பந்தும் உயரும். கம்பி நெம்புகோலாக வேலை செய்து, பந்தின் சிறு உந்துவிசையைப் பல மடங்காக்கி, உள்ளே வரும் குழாயின் வாயில் ஒரு ரப்பர் வட்டை அழுத்தும். கண், குரல், கை மூன்றும் இங்கே ஒரே பொருள். கிறிஸ்து பிறப்பதற்கு முன், மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிட்டெசிபியஸ் தன் நீர்க் கடிகாரத்தில் மட்டம் மாறாமல் வைத்திருக்க ஒரு மிதவையைப் பயன்படுத்தினார். விளைவைக் கொண்டே காரணத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது இதுதான் என்று தொழில்நுட்ப வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1868இல், ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் நீராவி எந்திரங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றிக் கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். கருத்தளவில் அதுவும் நம் மாடித் தொட்டிப் பந்தின் உறவினர்தான்.

மிதவை வால்வுக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: மின்சாரம் வேண்டாம். ஒரு பெரிய குறையும் உண்டு. அது தான் நிற்கும் இடத்தை மட்டும்தான் அடைக்கும்.

மும்பையிலேயே மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் இந்தக் குறை தெளிவாகத் தெரியும். நகராட்சி நீர் தரைக்கடியில் இருக்கும் தொட்டிக்கு வரும். அங்கிருந்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்ற வேண்டும். மாடியில் மிதவை வால்வு வைத்து அடைத்துவிட்டால் நீர் வழிவது நிற்கும். ஆனால் கீழே மோட்டாருக்கு அது தெரியாது. மூடிய வாயை எதிர்த்துச் சுழன்று சுழன்று, உள்ளே அகப்பட்ட நீரையே சூடாக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் பழைய ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. மாடித் தொட்டி நிறைந்ததும் மேலதிக நீர் ஒரு குழாய் வழியே முற்றத்தில் கொட்டும். அந்தச் சத்தம் கேட்டு வாட்ச்மேன் போய் ஸ்விட்சை அணைப்பார். கொட்டும் சத்தம்தான் குரல், வாட்ச்மேன்தான் கை. அவர் டீ குடிக்கப் போயிருந்தால் முற்றம் நனையும். இன்று மாடியிலிருந்து மோட்டார் வரை ஒரு ஒயரை இழுத்து, மிதவையை வால்வாக அல்லாமல் ஸ்விட்சாக வைக்கிறார்கள். மேலே நடப்பது கீழே தெரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்த ஒயர்.

இனி ஆர்.ஓ. மெஷின். அதன் தொட்டி ஏழெட்டு லிட்டர்தான். நிறைந்தால் நிறுத்த ஒரு சிறு பந்து போதாதா?

போதாது. காரணம் சவ்வின் இயல்பில் இருக்கிறது. ஒரு பக்கம் உப்பு நீர், மறுபக்கம் நல்ல நீர், நடுவே நீரை மட்டும் விடும் சவ்வு என்று வைத்தால், நல்ல நீர் தானாகவே உப்பு நீரின் பக்கம் போகும். அதை எதிர்த்து உப்பு நீரை அழுத்தினால் ஓட்டம் திரும்பும். இதுதான் ஆர்.ஓ., அதாவது எதிர்ச் சவ்வூடு பரவல். கடல் நீரில் இந்த எதிர்ப்பு சுமார் 27 மடங்கு வளிமண்டல அழுத்தம். கொள்கை வெகு காலமாகத் தெரிந்ததுதான். ஆனால் கையில் கிடைத்த சவ்வுகளில் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 1950களின் இறுதியில் சிட்னி லோபும் ஸ்ரீநிவாச சௌரிராஜனும் இதை உடைத்தார்கள். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய அந்த இந்திய வேதிப் பொறியாளரின் பெயர், இன்று தெருவுக்குத் தெரு ஆர்.ஓ. விற்கும் நம் ஊர்களில் ஏன் இவ்வளவு குறைவாகக் காதில் விழுகிறது என்பது எனக்குப் புரியாத ஒன்று. அவர்கள் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்த சவ்வில், உப்பைத் தடுக்கும் தோல் மிக மிக மெல்லியது. அதைத் தாங்கும் அடிப்பகுதி துளைகள் நிறைந்தது. தடை குறைந்ததால் நீர் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வந்தது. 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் இந்த முறையில் முதல் குடிநீர் நிலையம் ஓடத் தொடங்கியது.

சவ்வு தடுத்த உப்பு எங்கே போகும்? போக வழி இல்லையென்றால் அங்கேயே சேர்ந்து, அழுத்தத்தை முறியடித்து, சவ்வின் மேல் படிந்து அடைத்துவிடும். ஆகவே உப்பைக் கழுவிக்கொண்டு போக ஒரு பங்கு நீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சவ்வுக் குழலுக்கு வாய் ஒன்று, வெளியேறும் வழி இரண்டு: ஒன்று குடிநீருக்கு, மற்றொன்று சிங்க்குக்கோ மோரி எனும் கழுவுமிடத்துக்கோ போகும் மெல்லிய கழிவுக் குழாய்க்கு. வீட்டு மெஷின்களில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போவது சாதாரணம்.

இப்போது நல்ல நீர்த் தொட்டியின் வாயில் ஒரு பந்தை வைத்து அடைத்துப் பாருங்கள். நல்ல நீர் நின்றுவிடும். உள்ளே வரும் நீர் நிற்குமா? நிற்காது. இருக்கும் மற்றொரு வழியில் முழுவதும் போய்விடும். முன்பு நான்கு லிட்டர் உள்ளே வந்தால் ஒன்றாவது குடிக்கக் கிடைத்தது. இப்போது வருவதெல்லாம் மோரிக்குத்தான். தொட்டி வழியவில்லை, தரை நனையவில்லை, எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.  

ஆகவே கண் தொட்டியில் இருந்தாலும் கை நுழைவாயிலில் இருந்தாக வேண்டும். நடுவே ஒரு குரல் வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மின்சார வழி. மிதவைக்குள் ஒரு காந்த வளையம். அது ஏறி இறங்கும் தண்டுக்குள் கண்ணாடிக் குப்பியில் அடைத்த இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் அருகே வந்தால் நாக்குகள் ஒட்டும் அல்லது பிரியும். 1936இல் பெல் ஆய்வகத்தில் தொலைபேசி இணைப்புகளுக்காக வால்டர் எல்வுட் உருவாக்கிய ஸ்விட்ச் இது. நீரும் மின்சாரமும் ஒன்றையொன்று தொடாமலே சேதி போகும் என்பது இதன் அழகு. தொட்டி நிறைந்ததும் 24 வோல்ட் மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும்: அழுத்தம் தரும் சிறு பம்ப் நிற்க வேண்டும்; நுழைவாயிலில் இருக்கும் சோலனாய்டு வால்வு மூடிக்கொள்ள வேண்டும். மெக்கானிக்குகள் அதை எஸ்.வி. என்பார்கள். மின்சாரம் இருக்கும்போது உள்ளிருக்கும் சுருள் ஒரு இரும்புத் தண்டை இழுத்து வழியைத் திறக்கும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் அதை இறக்கி வழியை அடைக்கும். கரண்ட் போனாலும் தண்ணீர் நிற்கும்படி, அடைந்த நிலையையே இயல்பான நிலையாக வைத்திருக்கிறார்கள்.

இதுதான் பலரும் ஏமாறும் இடம். எஸ்.வி.யின் ரப்பர் இருக்கையில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும், அது முழுதாக மூடாது. மழைக்காலத்தில் கலங்கல் நீர் வரும் மும்பையில் இது அபூர்வமல்ல. பம்ப் நின்றுவிட்டது, ஆனால் அது வழியை மறிக்கும் சாதனம் அல்ல. மாடித் தொட்டியின் உயரம் தரும் அழுத்தத்திலேயே நீர் அதற்குள் நுழைந்து போய்விடும். பத்து மீட்டர் உயரம் என்றால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் கசிவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 லிட்டர், எட்டு மணி நேர உறக்கத்தில் 48 லிட்டர். குடிசைப் பகுதிகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்று மும்பை மாநகராட்சி நீண்ட காலம் கணக்கு வைத்திருந்தது. கட்டடவாசிகளுக்கு அதே கணக்கு 135 லிட்டர். செம்பூர் ஃபிளாட் ஒன்றில் ஒரு மணல் துகள் ஒரே இரவில் தாராவிக்காரர் ஒருவரின் ஒரு நாள் பங்கை மோரிக்கு அனுப்பிவிடுகிறது.

இவ்வளவுக்கும் மெஷினின் முகப்பில் 'தொட்டி நிறைந்தது' என்ற பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது பொய் சொல்லவில்லை. மிதவை மேலே இருக்கிறது, மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்கிறது. வால்வு மூடியதா என்று அதற்குத் தெரியாது. உத்தரவு போனதைக் காட்டும் விளக்கை, உத்தரவு நிறைவேறியதைக் காட்டும் விளக்காக நாம் படித்துக்கொள்கிறோம்.

இதே பிழையான வாசிப்பு ஒரு அணு உலையை உருக்கியிருக்கிறது. 1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு திரும்ப மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு, வால்வின் சோலனாய்டுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டியது. மின்சாரம் நின்றது, விளக்கு அணைந்தது. ஊழியர்கள் வால்வு மூடிவிட்டது என்று எண்ணினார்கள். உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அந்தத் திறந்த வாய் வழியே வெளியேறியது. எரிபொருளில் ஒரு பெரும் பகுதி உருகியது. வால்வின் உண்மையான நிலையைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் ஒரு கண் அங்கே பொருத்தப்பட்டிருக்கவில்லை. நம் மெஷின்களிலும் அது இல்லை.

மற்றொரு வழியில் மின்சாரமே கிடையாது. சிங்க்குக்கு அடியில் வைக்கும் மாடல்களில் நல்ல நீர் ஒரு மூடிய உருளைக்குள் போகும். உருளைக்குள் ரப்பர்ப் பையும் அழுத்திய காற்றும். நீர் சேரச் சேரக் காற்று நெருங்கும், அழுத்தம் ஏறும். நிறைந்தது என்ற சேதி அழுத்தமாகவே திரும்பி வருகிறது; தனியாக ஒரு குரல் தேவையில்லை. அந்த அழுத்தம் ஒரு சிறு பிளாஸ்டிக் வில்லைக்குள் வருகிறது. அதன் ஒரு பாதி வழியே உள்ளே வரும் நீர் போகும், மறு பாதி வழியே நல்ல நீர் போகும். நடுவே ஒரு தண்டு, இரு முனைகளிலும் ரப்பர்த் திரைகள். நல்ல நீரின் பக்கத்துத் திரை பெரியது, எதிர்ப் பக்கத்துத் திரை சிறியது. அழுத்தம் குறைவானாலும் பரப்பு பெரிதானால் விசை வெல்லும். தொட்டியின் அழுத்தம் நுழைவு அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் தண்டு நகர்ந்து நுழைவாயிலை அடைத்துவிடும். குழாயில் 60 என்றால் தொட்டியில் 40 வந்ததும் நிற்கும். குழாயின் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது. எந்தக் கம்பியும் எலக்ட்ரானிக்ஸும் இல்லாமல் இரண்டு வட்டங்களின் பரப்பில் கணக்கை அடக்கிவிட்ட இந்த வில்லை, மொத்த மெஷினிலும் எனக்குப் பிடித்த பாகம்.

ஆனால் இதற்கு ஒரு துணை தேவை. சவ்வுக்கும் தொட்டிக்கும் இடையே ஒருவழி வால்வு. அது கெட்டால் தொட்டியின் அழுத்தம் சவ்வின் பக்கமே பின்வாங்கிவிடும். பெரிய திரையை அழுத்த ஆள் இருக்காது. வில்லை திறந்தே கிடக்கும்.

நிறுத்துவது மட்டும் அல்ல, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதும் ஒரு கேள்வி. ஒரு டம்ளர் எடுத்தவுடன் மட்டம் ஒரு விரல் இறங்கும். உடனே ஓட வேண்டுமா? கூடாது. நின்றிருக்கும் நேரத்தில் அழுத்தம் இல்லாததால், சவ்வின் மறுபக்கத்து உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவி நல்ல நீரின் பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதலில் வரும் நீர் மற்ற நேரத்து நீரைவிட உப்பானது. அடிக்கடி நின்று தொடங்கினால் தொட்டி முழுவதும் இந்த 'முதல் நீரே' சேரும். அதனால்தான் நிற்கும் மட்டத்துக்கும் தொடங்கும் மட்டத்துக்கும் வேண்டுமென்றே இடைவெளி விடுகிறார்கள். துல்லியமாக உணரும் கருவி இங்கே உதவாது. கொஞ்சம் மந்தமான கருவிதான் நல்ல தண்ணீர் தரும்.

இத்தனை சிக்கலையும் விளக்கியபின் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும்: மும்பைக் குழாய் நீருக்கு ஆர்.ஓ. பெரும்பாலும் தேவையில்லை. விஹார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாட்சா என்ற ஏழு ஏரிகளும் மழை நீரைப் பிடித்து வைப்பவை. அந்நீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு விரும்பத்தக்கதாக வைத்த எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம். ஏரி நீர் அதற்கு வெகு கீழே நிற்கிறது. 2019 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிக்கையில், 21 நகரங்களில் எடுத்த குழாய் நீரில் எல்லா மாதிரிகளும் தேறிய நகரம் மும்பை மட்டுமே. சென்னையின் 10 மாதிரிகளில் ஒன்றும் தேறவில்லை. அதே ஆண்டு மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உப்பு 500க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் குறைந்தது 60 சதவீத நீரையாவது மீட்கும்படி மெஷின்களை மாற்றச் செய்யவும் அரசுக்கு உத்தரவிட்டது. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். விற்பனை ஓயவில்லை.

மும்பை நீரில் வரும் கேடு உப்பு அல்ல, கிருமி. அதுவும் ஏரியில் அல்ல, வழியில். குழாயில் நாள் முழுவதும் நீர் இருப்பதில்லை. விநியோகம் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழும். அருகே ஓடும் சாக்கடை நீர் பழைய இணைப்புகளின் விரிசல் வழியே உள்ளே உறிஞ்சப்படும். நேரடியாகக் குழாயில் மோட்டார் மாட்டி இழுப்பவர்கள் இந்த உறிஞ்சலைக் கூட்டுகிறார்கள். இதற்கு வேண்டியது பாக்டீரியாவைப் பிடிக்கும் வடிகட்டி, அல்லது அடுப்பில் ஒரு கொதி. செம்பூரை அடுத்த டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையம், பாலிசல்ஃபோன் சவ்வு பூசிய ஒரு வீட்டு வடிகட்டியை உருவாக்கி அதன் தொழில்நுட்பத்தை நிறுவனங்களுக்குத் தந்திருக்கிறது. உப்பை அது விட்டுவிடும், கிருமியைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், குழாயின் சாதாரண அழுத்தமே போதும்.

நம் கதைக்கு முக்கியமானது அதன் உருவம். இப்படிப்பட்ட வடிகட்டிக்கு உள்ளே வரும் வழி ஒன்று, வெளியேறும் வழியும் ஒன்றே. உப்பைக் கழுவ நீர் ஓட வேண்டியதில்லை. சேரும் அழுக்கை அவ்வப்போது கையால் கழுவினால் போதும். வெளி வாயை அடைத்தால் உள் வாய் தானாகவே நின்றுவிடும், ஏனென்றால் நீருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆகவே கடைசியில் தொங்கும் ஒரு பந்து போதும். எஸ்.வி. வேண்டாம், ஒருவழி வால்வு வேண்டாம், பச்சை விளக்கு வேண்டாம். கிட்டெசிபியஸின் மிதவை அப்படியே வேலை செய்யும்.

போர்வெல் நீரோ லாரி நீரோ வரும் கட்டடங்களுக்கு ஆர்.ஓ. தேவைப்படலாம். ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்களும் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சோதனை. இரவு தொட்டி நிறைந்தபின், கழிவுக் குழாயின் நுனியை ஒரு காலி வாளிக்குள் விட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் வாளி காய்ந்திருந்தால் கவலையில்லை. தண்ணீர் இருந்து, பம்ப் இரவெல்லாம் அமைதியாக இருந்திருந்தால் எஸ்.வி. சரியாக மூடவில்லை. பம்ப் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் கோளாறு மிதவையில்.

உருளைத் தொட்டி மாடல் என்றால், வாளியில் நீர் சேரும்போது மெஷினுக்கு வரும் குழாயை மூடிப் பாருங்கள். கழிவு நின்றுவிட்டால் வில்லை பழுது. வரும் நீர் நின்ற பிறகும் கழிவு தொடர்ந்து ஓடினால், அது சேமித்த நல்ல நீர்தான் பின்வழியே போகிறது. ஒருவழி வால்வை மாற்றினால் தீரும். இந்த நான்குமே சில்லறைச் சாமான்கள். மெக்கானிக் வந்து மெம்பிரேனை, அதாவது சவ்வை, மாற்றச் சொன்னால் வாளியைக் காட்டுங்கள். தொட்டி நிறைந்தபின்னும் தண்ணீர் நிற்காத பழுதுக்கும் மெம்பிரேனுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.